மலருக்கு அரைப் பக்கம்

கால்பந்துக் கழக மலரில்
சேவுகனுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.
மீதி அரைப் பக்கம் சிமெண்டு விளம்பரம்.

பிறப்பு: பராபவ வருஷம், மாசி.
தேதி இல்லை. ஜாதக நோட்டில் அந்த மூலையைக்
கரையான் எனக்கு முன்பே வாசித்துவிட்டது.
ஊர் புதுவயல். இடதுகால்காரர்.
இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை.
ஆனாலும் சொல்கிறேன்.

பதினாலு வயதில் ஈப்போவுக்குக் கப்பல்.
வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன்.
வாரமெல்லாம் சம்மணத்தில் மடங்கிக் கிடந்த கால்
சனிக்கிழமை சாயங்காலம் நீளும்.
ஏஜெண்டு முதலாளிக்கு எழுதிய கடிதத்தில்
தகரத்தின் விலை, ரப்பரின் விலை,
பிறகு ஒரு வரி:
"பையன் பந்து உதைக்கிறான். கணக்கில் பிழை இல்லை."
அவர் ஆட்டத்தைப் பற்றி
அந்தக் காலத்தில் எழுதப்பட்டது இவ்வளவுதான்.

இரண்டு கணக்கு, ஆறு வருஷம்.
முப்பத்தொரு ஆட்டம். நாலு கோல்.
காறை எலும்பு ஒருமுறை.
நாலில் ஒன்று தன் பக்கத்துக்கே போட்டதென்று
பினாங்கிலிருந்து ஒருவர் எழுதினார்.
அதையும் வரவில்தான் வைத்தேன்.
பந்து உள்ளேதானே போனது.

அட்சய வருஷம் ஊர் திரும்பினார்.
பெட்டியில் பட்டு, அத்தர்,
அடியில் காற்றிறக்கிய தோல்பந்து.
நாகப்பட்டினம் சுங்கத்தில் என்னவென்று கேட்டதற்குத்
தொப்பி என்றாராம்.

பங்குனியில் கண்மாய் வற்றும்.
பாளம் வெடித்த தரையில் சுண்ணாம்புக் கோடு
விரிசலுக்குள் இறங்கி இறங்கி ஏறும்.
அரிசி ஆலையில் சங்கு ஊதியதும்
உடம்பில் உமியோடு வருவார்கள் பத்துப் பேர்.
கோலுக்குச் சூசை. நெல் அவிக்கும் அடுப்பில்
உமி தள்ளுகிறவன். வருவது எவ்வளவு சூடானாலும்
கை பின்வாங்காது.

தேவகோட்டையோடு ஆட்டம்.
இடைவேளையில் பானகம் கொடுத்தார்கள்.
பத்துப் பித்தளை டம்ளர்.
பதினோராவது, சிரட்டை.
சூசை வாங்கிக் குடித்தான்.
சேவுகன் அதற்குள் தன்னுடையதைக் குடித்து முடித்திருந்தார்.
வாயைத் துடைக்கும்போதுதான் பார்த்தாராம்.
ஒன்றும் சொல்லவில்லை. இதை எல்லோருமே சொல்கிறார்கள்:
ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி நிமிஷம் பெனால்டி.
இடது கால்.
பந்து கம்பத்துக்கு மேலே, ஆட்களுக்கு மேலே,
வண்டி மாடுகளுக்கும் மேலே போய்க்
கருவேலங்காட்டில் இறங்கியது.
முள் தைத்த சத்தம் மைதானம் வரை கேட்டதாம்.
வேறு பந்து இல்லை. ஆட்டம் அதோடு நின்றது.

தேவகோட்டையில் விசாரித்தேன்:
"ராசியில்லாத கால்."
சூசையின் கடைசி மகன், எண்பதைத் தொட்டவர்,
"வேணுமின்னேதான் அடிச்சாக" என்கிறார்.
வேண்டுமென்று அடித்திருந்தால்
குடிப்பதற்கு முன்பே அடித்திருக்கலாம் என்றும்
அவரேதான் சொன்னார்.

அப்போது வயது இருபத்தொன்று.
பிறகு ஆடவில்லை.
சிகப்பியைக் கட்டினார். நாற்பது வருஷம்
அந்த ஆலையிலேயே கணக்கு எழுதினார்.

பேரேட்டில் அந்த வாரத்தைத் தேடிப் பிடித்தேன்.
'தோல்பந்து ஒன்று, வாராக்கடன்.'
அதற்குக் கீழே
'பித்தளை டம்ளர் பதினொன்று, மூன்று ரூபாய் ஆறணா.'
ஆடுவதற்கு ஆள் சேரவில்லை, பந்தும் இல்லை.
எதற்கென்று எழுதவில்லை.

புகைப்படம் ஒன்று கிடைத்தது.
இடமிருந்து இரண்டாவது.
முழங்காலோடு சட்டம் முடிந்துவிடுகிறது.

மலர்க்குழுவிலிருந்து நேற்றுப் போன்.
சிரட்டை வேண்டாமாம், சிமெண்டுக்காரர் தேவகோட்டை.
டம்ளரும் வேண்டாம், படிப்பவர்களுக்குப் புரியாது.
"மொத்தம் எத்தனை கோல், அதை மட்டும் சொல்லுங்க."

நாலு என்றேன்.